கண்ணால் காணாத கழகத்துக்கு ஆயுட்கால ரசிகராவது எப்படி?

கொக்குவிலான் (இழையைத் தொடங்கியவர்)

நம்மில் பலர் ஐரோப்பாவிலுள்ள ஏதோவொரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகர்களாக இருக்கிறோம். அந்தக் கழகத்தின் மைதானத்துக்குள் நாம் கால் வைத்ததில்லை. அது இருக்கும் நகரத்தோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. நாம் ஆதரிப்பதை நிறுத்தினால் அங்கே ஒரு கதிரைகூட வெறுமையாகப் போவதில்லை. ஆயினும் மாரிகாலச் சனிக்கிழமைகளில் இரவு எட்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கியபின் வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. இந்தப் பற்று எப்படி உண்டாகிறது, உண்டானபின் ஏன் போவதில்லை என்பதைப் பற்றி உங்கள் அனுபவங்களை அறிய விரும்புகிறேன்.

நான் இலண்டனின் ஆர்சனல் கழகத்துக்கு ரசிகன். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின் எங்கள் ஒழுங்கையில் கேபிள் இணைப்பு வந்த காலத்தில் நான் பள்ளி மாணவன். 2003–04 பருவத்தில் ஆர்சனல் 38 லீக் ஆட்டங்களில் 26 இல் வென்று, 12 ஐச் சமப்படுத்தி, ஒன்றிலும் தோற்காமல் கிண்ணத்தை எடுத்தது. அப்படியோர் அணியோடு ஒரு மாணவன் சேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. வியப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2006 இல் பாரிஸ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பார்சிலோனாவிடம் தோற்றோம். 2011 இல் மன்செஸ்டர் யுனைடெட்டிடம் எட்டுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றோம். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லீக்கில் இரண்டாம் இடத்தில் நின்றோம். வெற்றிக்காகச் சேர்ந்தவன் வெற்றி நின்றவுடன் விலகியிருக்க வேண்டும் அல்லவா? நான் வங்கியை மாற்றியிருக்கிறேன், தேர்தலில் வாக்களிக்கும் கட்சியைக்கூட மாற்றியிருக்கிறேன். அணியை மாற்றும் எண்ணம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. இதற்குப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எந்த அணி சிறந்தது என்ற வாதத்துக்கு இந்தத் தளத்தில் வேறு இழைகள் தாராளமாக இருக்கின்றன. தயவுசெய்து அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

---

கரவெட்டி வாசகன்

தம்பி கொக்குவிலான், என் தலைமுறைக்கு முதலில் அணி வரவில்லை. ஓர் ஆள் வந்தார்.

1986 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிகளைப் பெரியப்பா வீட்டில்தான் பார்த்தேன். ரூபவாஹினியோ தூரதர்சனோ, அன்றைக்கு எது தெளிவாக விழுந்ததோ அதைப் பார்ப்போம். ஒருவர் கூரையில் ஏறி அன்ரெனாவைத் திருப்ப, மற்றவர் கீழேயிருந்து சத்தம் போடுவார். பெரியப்பாவின் மூத்த மகன் எனக்குப் பத்து வயது மூத்தவர். அவர் மரடோனாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாப்பாட்டை மறந்துவிடுவார். ஜூன் 22 ஆம் திகதி இங்கிலாந்துக்கு எதிரான கால் இறுதியாட்டத்தில் கையால் தட்டிய கோலும், நான்கு நிமிடங்களின் பின் பாதி மைதானத்தைக் கடந்து வந்து அடித்த கோலும் அன்று நான் கண்டவை என்பதைவிட, அண்ணை எனக்குக் காட்டியவை என்று சொல்வதே சரி. எதைப் பார்க்க வேண்டும், எப்போது மூச்சை அடக்க வேண்டும் என்பதை அவரைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

1990 ஆம் ஆண்டுப் போட்டி ஜூன் 8 ஆம் திகதி தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே கமரூன் ஆர்ஜென்டீனாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வீழ்த்தியது. அந்த அதிர்ச்சியைப் பற்றி நாங்கள் பேசி முடிப்பதற்குள், ஜூன் 11 ஆம் திகதி இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்துவிட்டது. மின்சாரம் போயிற்று, பின்னர் பற்றரியும் கிடைக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்ட காலம் அது. இறுதியாட்டத்தில் 85 ஆவது நிமிடத் தண்ட உதையால் மேற்கு ஜேர்மனி வென்றதையும் வானொலி வழியாகவே அறிந்தோம். பி.பி.சி. தமிழோசையில் போர்ச் செய்திக்காகக் காத்திருந்த பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அண்ணையும் நானும் மட்டும் அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு அவர் சுவிற்சர்லாந்துக்குப் போய்விட்டார். மரடோனா 1984 முதல் 1991 வரை நாப்போலி கழகத்துக்கு ஆடியவர் என்பதையும், ஏழைத் தெற்கு இத்தாலியின் அந்த நகரம் 1987 இலும் 1990 இலும் பணக்கார வடக்கை வென்று லீக் கிண்ணத்தை எடுத்ததையும் அவருடைய கடிதங்களில்தான் படித்தேன். கடிதம் வந்துசேர மாதக்கணக்காகும். ஆட்ட முடிவு பழையதாகியிருக்கும். எனக்கு அது புதிய செய்தி. 2023 இல், 33 ஆண்டுகளின் பின் நாப்போலி மீண்டும் லீக்கை வென்றபோது நான் முதலில் செய்த வேலை பேர்ண் நகருக்குத் தொலைபேசி எடுத்ததுதான். ஆகவே ஒரு கழகத்தின் மீது பற்று எப்படி வருகிறது என்று என்னைக் கேட்டால், அதை உங்களுக்குக் கையில் தந்தவர் யார் என்று திருப்பிக் கேட்பேன்.

---

சிற்றிக்காரன்

பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். எனக்கு 19 வயது. எனக்கு யாரும் எதையும் கையில் தரவில்லை. அப்பாவுக்கு கிரிக்கெட் மட்டுமே தெரியும். 2017–18 பருவத்தில் மன்செஸ்டர் சிற்றி 100 புள்ளிகளும் 106 கோல்களும் பெற்றது. நான் பார்த்தவற்றுள் மிக அழகான ஆட்டம் அதுவாக இருந்தது; அதனால் ரசிகனானேன். இதில் மறைக்க எதுவும் இல்லை.

தோற்கும் அணியோடு இருப்பவனே உண்மையான ரசிகன், வெல்லும் அணியோடு இருப்பவன் வந்தேறி என்று இந்தத் தளத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். துன்பப்பட்டால்தான் அன்பு என்பதை நான் ஏற்கவில்லை. அத்துடன் எங்களுக்கும் துன்பம் இல்லாமல் இல்லை. 2023 பெப்ரவரியில் லீக் நிர்வாகம் எங்கள் கழகத்தின் மீது நூற்றுக்கும் மேற்பட்ட நிதி விதிமீறல் குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. கழகம் அவற்றை மறுத்தது. அந்த வாரம் ரியூசன் வகுப்புக்குப் போகவே எனக்கு விருப்பமில்லை. ஆனால் போனேன். போய் வாதாடினேன். நிதி அறிக்கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் இரண்டு மணி நேரம் வாதாடினேன். அன்றைக்குப் பிறகு முன்னரைவிடத் தீவிரமான ரசிகனாகிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

---

மட்டுறுத்துநர்

1986 ஆம் ஆண்டின் முதலாவது கோல் நியாயமானதா என்பது பற்றிய பதிவுகள் தனி இழைக்கு நகர்த்தப்பட்டுள்ளன.

---

திருநெல்வேலி உளநூல் மாணவி

இங்கே எழுதப்பட்ட மூன்று அனுபவங்களும் நாங்கள் பாடத்தில் படித்தவற்றோடு ஓரளவு பொருந்துகின்றன. பொருந்தாத இடங்கள் அதைவிடச் சுவையானவை.

ரொபேர்ட் சியல்டினியும் அவரது குழுவினரும் 1976 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகவும் பேர்பெற்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், தம் பல்கலைக்கழக அணி வென்ற வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் அதன் பெயரோ சின்னமோ பொறித்த உடைகளை அதிகமாக அணிந்து வந்ததை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அதோடு, வெற்றியைச் சொல்லும்போது ‘நாங்கள் வென்றோம்’ என்று சொல்ல முனைந்தவர்கள், தோல்வியைச் சொல்லும்போது ‘அவர்கள் தோற்றார்கள்’ என்று சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்கள். பிறருடைய வெற்றியின் ஒளியில் குளிர்காய்வது மனித இயல்பு என்பது அவர்களின் முடிவு. இனி கொக்குவிலான் அண்ணாவின் பதிவை மீண்டும் படித்துப் பாருங்கள். 2006 ஐயும் 2011 ஐயும் பற்றி எழுதும்போது அவர் ‘தோற்றோம்’ என்றே எழுதியிருக்கிறார். வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே ‘நாங்கள்’ என்பவர்களைத்தான் இந்தத் துறையினர் ஆழ்ந்த அடையாளம் கொண்ட ரசிகர்கள் என்று வேறாகப் பிரிக்கிறார்கள்.

வயதைப் பற்றியும் ஒரு கணிப்பு உண்டு. சேத் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிற்ஸ் என்ற பொருளியலாளர் முகநூல் தரவுகளை வைத்து 2014 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், அமெரிக்க ஆண்களிடையே பேஸ்போல் அணிப்பற்று பெரும்பாலும் சிறுவயதில், குறிப்பாக எட்டு வயதை ஒட்டிப் பதிந்துவிடுகிறது என்று காட்டினார். நியூயோர்க் மெற்ஸ் அணி 1969 இலும் 1986 இலும் வாகை சூடியபோது ஏழெட்டு வயதில் இருந்தவர்களே வளர்ந்தபின்னும் அந்த அணிக்கு அதிகமாக ஆதரவாளர்களாக இருந்தார்கள். பெண்களிடம் அந்தக் கூர்மை காணப்படவில்லை. சிற்றிக்காரன் தம்பிக்கு 2018 இல் பத்துப் பதினொரு வயது இருந்திருக்கும். அவரும் இந்தக் கணிப்புக்கு வெகுதூரத்தில் இல்லை.

பொருந்தாத இடம் இதுதான்: அந்த ஆய்வுகளில் வரும் மாணவனும் சிறுவனும் தமது சொந்த ஊரின் அல்லது சொந்தப் பல்கலைக்கழகத்தின் அணியை ஆதரிக்கிறார்கள். நமக்கு அந்த ஊர் இல்லை. எனினும் கூட்டம் சேர ஊர் கட்டாயமில்லை என்பதற்கு ஹென்றி தாஜ்பெல் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1971 இல் வெளியான பரிசோதனைகள் சான்று. க்ளே, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யாருடைய படத்தை விரும்புகிறாய் என்பதைச் சாக்காக வைத்து மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே, தம் குழுவில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரியாமலே, அவர்கள் தம் குழுவினருக்குச் சாதகமாகப் பணத்தைப் பங்கிட்டார்கள். அவ்வளவு மெலிந்த காரணத்துக்கே அப்படியென்றால், ஒரு வகுப்பறையில் ஆர்சனல், யுனைடெட் என்று பிரிந்து ஆண்டுக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

---

நாவாந்துறை மருமகள்

இவ்வளவு நேரமும் இந்த இழையில் பாரிஸ், மன்செஸ்டர், நாப்போலி, நியூயோர்க் எல்லாம் வந்துவிட்டன. நம் யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு வரவில்லை.

நான் தெல்லிப்பழை மகாஜனாவில் படித்தவள். அங்கே பெண்கள் உதைபந்தாடுவது புதுமையில்லை. திருமணமாகி வந்த ஊரில் சென். மேரிஸ் கழகத்தின் ஆட்டமென்றால் வீட்டில் உலை வைப்பதற்கு முன்னரே ஆட்கள் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல் என்று ஒவ்வொன்றுக்கும் அப்படியொரு கூட்டம் உண்டு. கடற்கரை ஊர்களில் கழகமும் கோயில் திருவிழாவும் ஒரே ஆட்களின் கையில்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் போய், நீங்கள் எப்படி இந்த அணியின் ரசிகரானீர்கள் என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது. கோல்காப்பாளர் அவருடைய மச்சானாக இருப்பார். மத்தியஸ்தரைத் திட்டுபவர் அவருடைய பெரியம்மாவாக இருப்பார். ஆட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை. காலில் அடிபட்டால் மறுநாள் தொழிலுக்கும் போக முடியாது. அதை அறிந்த ஊர், தோற்றால் நாலு நாள் ஏசிவிட்டு ஐந்தாம் நாள் பந்து வாங்கக் காசு சேர்க்கிறது.

ஆகவே மாணவித் தங்கச்சி ‘நமக்கு அந்த ஊர் இல்லை’ என்று எழுதியதை நான் மறுக்கிறேன். ஊர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இலண்டனைத் தேடிப் போகிறோம் என்பதே நடப்பு. தொழில்முறைக் கழகம் நமக்குத் தருவது சிறந்த ஆட்டத்தையும், தோல்விக்கு நாம் எந்த வகையிலும் பொறுப்பில்லை என்ற சுகத்தையும் தான். உள்ளூர்க் கழகத்தின் ரசிகருக்கு அந்தச் சுகம் கிடையாது. யங் ஹென்றீசியன்ஸ் தோற்றால் மைதானத்தில் புல் வளர்க்காதது யார் என்ற கேள்வி இளவாலைக்கே வந்து சேரும்.

கொக்குவிலான் அண்ணாவிடம் ஒரு கேள்வியும் உண்டு. உங்கள் ஆர்சனல் வெல்லவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். 2025 மே மாதம் லிஸ்பன் நகரில் ஆர்சனல் பெண்கள் அணி பார்சிலோனாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. 2007 இலும் எடுத்தது. அதே சின்னம், அதே சிவப்பு ஜேர்சி, அதே கழகம். உங்கள் கணக்கில் அது ஏன் வரவில்லை?

---

கொக்குவிலான்

அக்கா, உங்கள் கேள்வியை இரண்டு நாள் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

லிஸ்பன் இறுதியாட்டத்தை நான் பார்த்தேன், மகிழ்ந்தேன். ஆனால் மறுநாள் அதைப் பற்றி எனக்கு ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை. என் மகிழ்ச்சி அன்றிரவே முடிந்துபோனதற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பெண்கள் அணி எடுத்த கிண்ணத்தை வைத்து என்னோடு மல்லுக்கட்ட, பொறாமைப்பட, அதைச் சிறுமைப்படுத்த என்னைச் சுற்றி எவரும் இல்லை. 2011 இல் எட்டு கோல்கள் வாங்கிய இரவிலோ, பல ஆண்டுகளாகத் தொடர்பில்லாத வகுப்பு நண்பன் ஒருவன் எங்கிருந்தோ என் இலக்கத்தைத் தேடியெடுத்து ரொறன்ரோவிலிருந்து பேசினான். ‘எட்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தான். 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட பின், இரவில் ஊரடங்கு, பகலில் சோதனை என்று இருந்த காலத்தில் அவன் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவன். இருட்டுவதற்கு முன் வந்து, ஆட்டம் பார்த்து, எங்கள் வீட்டிலேயே படுத்துவிட்டு விடிந்தபின் போவான். அவன் யுனைடெட். அந்த ஆட்டங்களில் எத்தனை கோல்கள் விழுந்தன என்பது எனக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு கோலுக்கும் சத்தம் போடாமல் சிரிக்கப் பழகியது மறக்கவில்லை. வெளியே சத்தம் கேட்கக் கூடாது என்று அம்மாவின் கட்டளை.

இதிலிருந்து எனக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. கரவெட்டி ஐயாவுக்குக் கழகத்தைத் தந்தவர் ஓர் அண்ணை. எனக்குக் கழகத்தைத் தந்தவர் என்று எவரையும் சொல்ல முடியாது; அதை நான் கீழே வைக்க முடியாமல் பார்த்துக்கொண்டவர்கள்தான் இருந்தார்கள். வகுப்பில் என்னை ‘ஆர்சனல்’ என்றே அழைத்தார்கள். நான் மாறினால் மாறியதை அவர்களுக்குத்தான் அறிவிக்க வேண்டும். அவர்கள் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அதைவிட, நான் ஆர்சனலை விட்டுவிட்டால் ரொறன்ரோவில் இருப்பவனுக்கு என்னைக் கூப்பிட வேறு காரணம் இல்லை. சிற்றிக்காரன் தம்பி தன் நிலையை ‘ஏன் என்று தெரியவில்லை’ என்று எழுதியிருந்தார். தம்பி, உங்களைத் தீவிர ரசிகராக்கியது அந்த ரியூசன் வகுப்பு.

பெண்கள் அணியை மதிக்காமல் விட்டோம் என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கு இது விடையாகாது, அக்கா. ஏன் விட்டோம் என்பதற்கு மட்டுமே விடை.

---

ஈஸ்ற்ஹாம் பெறாமகன்

எனக்கு வெஸ்ட் ஹாம் வாய்த்தது முகவரியால். சித்தப்பா ஈஸ்ற்ஹாமில் இருந்தார். பழைய அப்டன் பார்க் மைதானம் அவருடைய வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஊருக்கு வரும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் ஜேர்சி கொண்டுவருவார்; அது எந்த அணியினுடையது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பள்ளியில் யுனைடெட், லிவர்பூல், செல்சி என்று நிறையப் பேர். வெஸ்ட் ஹாம் நான் ஒருவனே. ஆகவே கொக்குவிலான் அண்ணாவின் விளக்கம் எனக்குச் சரிவராது. என்னைக் கிண்டல் செய்யக்கூட ஆளில்லை. வெஸ்ட் ஹாமைப் பொருட்படுத்துபவர் யார்?

1980 இல் இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ணத்தை எடுத்த கழகம் அடுத்த பெரிய கிண்ணத்துக்கு 43 ஆண்டுகள் காத்திருந்தது. 2016 இல் அப்டன் பார்க்கை விட்டு ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனார்கள். சித்தப்பா அதன்பின் மைதானத்துக்குப் போகவேயில்லை, வீட்டிலிருந்தே பார்த்தார். 2023 ஜூனில் பிராக் நகரில் இத்தாலியின் பியோரென்டினாவுக்கு எதிரான ஐரோப்பிய கொன்பரன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 90 ஆவது நிமிடத்தில் எங்கள் போவன் கோல் அடித்தபோது, நல்லூரில் நடுச்சாமம் கடந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் உறக்கம். நான் தனியாகக் கத்தினேன். எதிரியும் இல்லாமல், கூட்டாளியும் இல்லாமல் ஒருவன் இப்படிக் கத்துவதற்கு மாணவி அக்காவின் நூல்களில் இடம் இருக்கிறதா?

---

கணபதி கோயிலடி (இலண்டன்)

விம்பிள்டன் என்றால் உங்களில் பலருக்கு டெனிஸ் நினைவுக்கு வரும்; எங்கள் ஆட்களுக்குக் கணபதி கோயில் நினைவுக்கு வரும். அங்கே ஓர் உதைபந்தாட்டக் கழகமும் இருந்தது. 1988 இல் லிவர்பூலை வென்று எப்.ஏ. கிண்ணத்தை எடுத்த கழகம் அது. 2002 இல் உரிமையாளர்கள் அதை எண்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கேயுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக அனுமதி பெற்றார்கள். ஆட்டக்காரர், லீக்கில் இருந்த இடம் எல்லாம் அந்தக் கழகத்தோடு போக இருந்தன. ரசிகர்களில் மிகப் பெரும்பாலோர் அதைப் பின்தொடரவில்லை. அதே கோடையில் தாங்களே ஒரு கழகத்தைத் தொடங்கி, ஒன்பதாம் படிநிலையிலிருந்த ஒரு சிறு லீக்கில் அதை ஆடவிட்டார்கள். ஒன்பது பருவங்களில் ஐந்து முறை தரமுயர்ந்து 2011 இல் அது தொழில்முறை லீக்குக்கு வந்தது. 2020 இல் பிளவ் லேன் வீதியில், பழைய மைதானம் இருந்த இடத்துக்கு அருகிலேயே புதிய மைதானத்தையும் கட்டி முடித்தார்கள். கழகத்தின் பெரும்பங்கு இன்றும் ரசிகர் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

நான் பிறந்த ஊர் மயிலிட்டி. 1990 இல் வெளியேறினோம். அதன்பின் அது உயர்பாதுகாப்பு வலயம். துறைமுகப் பகுதி 2017 இல்தான் மக்களிடம் விடுவிக்கப்பட்டது. ஊருக்குள் போக முடியாத அந்த நீண்ட காலத்திலும் மயிலிட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் வேறு ஊர்களின் மைதானங்களில் உதைபந்தாடினார்கள். அவர்களில் சிலர் மயிலிட்டியைப் பார்த்தே இராதவர்கள். விம்பிள்டனில் முதலாளி அணியைத் தூக்கிக்கொண்டு போனான், ஊர் மிஞ்சியது. எங்களிடமிருந்து ஊர் போயிற்று, அணி மிஞ்சியது. நான் இலண்டனுக்கு வந்து, கோயிலுக்குப் போன ஒரு நாளில், கழகத்துக்காக வீதியில் உண்டியல் குலுக்கிக்கொண்டிருந்த கிழவர் ஒருவரிடம் என்ன நடந்தது என்று விசாரித்தேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்தக் கழகத்தின் ரசிகனாகிவிட்டேன். ஒரு ஆட்டம்கூட அதுவரை பார்த்திருக்கவில்லை.

ஆகையால் நாவாந்துறைப் பிள்ளை சொன்ன, தோல்விக்குப் பொறுப்பில்லாத சுகம் என்ற கருத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. தொழில்முறைக் கழகத்திலும் ரசிகர் பொறுப்பெடுக்கும் இடங்கள் உண்டு. ஜேர்மனியில் சில விதிவிலக்குகள் தவிர்ந்த ஏனைய கழகங்களில், வாக்குரிமையின் பாதிக்கு மேற்பட்ட பங்கு உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. 2021 ஏப்ரலில் பெரிய கழகங்கள் பன்னிரண்டு சேர்ந்து ஐரோப்பிய சுப்பர் லீக் என்று தங்களுக்கெனத் தனியொரு லீக்கை அறிவித்தபோது, இரண்டே நாளில் இங்கிலாந்துக் கழகங்கள் ஆறும் பின்வாங்கின. செல்சி ரசிகர்கள் வீதியை மறித்து நின்றதும் அதற்கு ஒரு காரணம். கொக்குவிலானின் ஆர்சனலும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று என்பதை, வம்புக்கு இழுப்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

---

சிற்றிக்காரன்

எங்களுடைய கழகமும் அந்தப் பன்னிரண்டில் இருந்தது. முதலில் விலகியது நாங்கள்தான் என்பதையும் எழுதியிருக்கலாம்.

இன்னொரு வகை ரசிகரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். என் நண்பர்களில் பாதிப்பேருக்குக் கழகமே இல்லை. மெஸ்ஸி பார்சிலோனாவில் இருந்தபோது பார்சிலோனா, பாரிஸுக்குப் போனதும் பாரிஸ், இப்போது மியாமி. றொனால்டோவின் ஆட்கள் சவூதி லீக்கின் புள்ளிப்பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அவர்களும் ஒருவருக்கு உண்மையாகத்தானே இருக்கிறார்கள்? 2024 இல் ஈழத்தமிழ் வழிவந்த விமல் யோகநாதன் பான்ஸ்லி கழகத்துக்காக முதன்முதலாகக் களமிறங்கியபின், நானும் பான்ஸ்லியின் முடிவுகளைப் பார்க்கத் தொடங்கினேன். இங்கிலாந்தின் மூன்றாம் படிநிலைக் கழகம் ஒன்று வென்றதா, தோற்றதா என்று கோண்டாவிலில் ஒருவன் தேடுவதற்கு அந்தப் பெயரைத் தவிர வேறு காரணமில்லை. அவர் நாளைக்கு வேறு கழகத்துக்குப் போனால் நானும் கூடவே போவேன். சிற்றியிலிருந்து மட்டும் யார் போனாலும் நான் போகமாட்டேன். இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை.

---

திருநெல்வேலி உளநூல் மாணவி

வெஸ்ட் ஹாம் அண்ணா, உங்களுக்கு எதிரியும் கூட்டாளியும் இல்லை என்று எழுதினீர்கள்; ஆனால் மைதானத்துக்குப் போகாத சித்தப்பாவைப் பற்றி, கேட்கப்படாமலே, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பிராக் ஆட்டம் முடிந்ததும் அவரோடு பேசினீர்களா என்று அறிய ஆவல்.

சிற்றிக்காரன் தம்பிக்கு: ஆட்டக்காரர் மீதுள்ள பற்றும் அணி மீதுள்ள பற்றும் ஒன்றிலிருந்து ஒன்று வளர்பவை என்று படித்திருக்கிறோம். கரவெட்டி ஐயாவின் நாப்போலி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மரடோனா 1991 இல் போய்விட்டார், ஐயா போகவில்லை. உங்கள் பான்ஸ்லி அந்த நிலைக்கு வருமா என்பது, அந்தக் கழகத்தைப் பற்றி உங்களோடு சண்டை பிடிக்க யாராவது கிடைக்கிறார்களா என்பதில் தங்கியிருக்கலாம்.

---

ஈஸ்ற்ஹாம் பெறாமகன்

பேசினேன். ஆட்டம் முடிவதற்கு முன்னரே அவர் அழைப்பு எடுத்துவிட்டார். கடைசி நிமிடங்களை இரண்டு பேரும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே பார்த்தோம். சரி, தனியாகக் கத்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

நாவாந்துறை மருமகள்

கோயிலடி அண்ணாவின் பதிவைப் படித்தபின் என் கருத்தின் ஒரு பாதியை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ரசிகர்கள் கையில் இருக்கும் கழகம் என்றால் பொறுப்பும் உண்டு என்பது சரி. ஆனால் அந்தப் பொறுப்பை எடுக்க இலண்டனில் இருக்க வேண்டும், உண்டியல் குலுக்க வேண்டும். கொக்குவிலில் இருந்துகொண்டு ஆர்சனலுக்கு அதைச் செய்ய முடியாது. ஆகவே, வரும் சனிக்கிழமை எட்டரை மணி ஆட்டத்துக்கு முன் மாலையில் உங்களுக்கு நேரம் இருக்கிறது. பக்கத்து மைதானத்தில் ஆட்டமொன்று நடந்துகொண்டிருக்கும். ரொறன்ரோ நண்பருக்கு அதன் முடிவையும் அனுப்பிப் பாருங்கள். அவரும் இந்த ஊர்தானே, ஏதாவது ஒரு கழகத்துக்கு ஏசாமலா இருப்பார்?

---

கரவெட்டி வாசகன்

என் பேரன் ஒருவனுக்கு நாப்போலி ஜேர்சி வாங்கிக் கொடுத்தேன். நிறம் நன்றாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டான். ஆனால் அவன் சிற்றி. கணினி விளையாட்டில் அந்த அணியை எடுத்தால் இலகுவாக வெல்லலாமாம். அண்ணை எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை. அவனுக்கு இப்போது ஒன்பது வயது. மாணவிப் பிள்ளையின் கணக்குப்படி காலம் அநேகமாகத் தாண்டிவிட்டது.

கொக்குவில் தம்பி சொன்ன மற்ற வழிதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. சிற்றி தோற்கும் ஒவ்வொரு கிழமையும் அவனைச் சீண்டுகிறேன். போன முறை அழுதுவிட்டான். மகள் என்னைக் கடிந்துகொண்டாள். அடுத்த ஆட்டத்துக்கு அவனே வந்து, ‘அம்மப்பா, இண்டைக்கு நாங்கள் வெல்லுவம், பாருங்கோ’ என்றான். சிற்றி தோற்ற நாளைப் பற்றிப் பேசும்போதும் அவன் ‘நாங்கள்’ என்றே சொல்கிறானா என்று இன்னும் கவனிக்கவில்லை. கவனித்தபின் இங்கே எழுதுகிறேன்.